ஒரு என்சைமின் விலை

(முன்னாள் மாணவர் சந்திப்பின் காலை அமர்வில் ஆற்றிய உரை. பேச்சு நடை கூடியவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



சங்கச் செயலாளர் போன் செய்து, "இருபது நிமிஷம் பேசணும், தொழில் சம்பந்தமா இருக்கணும், ஆனா யாரும் தூங்கக் கூடாது" என்றார். முதல் இரண்டும் முடியும். மூன்றாவதற்கு நான் பொறுப்பில்லை. இந்த ஹாலில் நானே பல தடவை தூங்கியிருக்கிறேன்.

நான் கெமிக்கல் பிரிவு, 2010-ல் வெளியே போனவன். இப்போது பெங்களூருவில் ஓர் உயிரி மருந்துத் தொழிற்சாலையில் சுத்திகரிப்புப் பிரிவில் வேலை. ஸ்டீல் தொட்டிக்குள் செல்களை வளர்ப்பார்கள், அவை ஒரு புரதத்தைச் சுரக்கும், அந்தக் குழம்பிலிருந்து புரதத்தைத் தனியாகப் பிரித்துக் கொடுப்பது என் பிழைப்பு. வடிகட்டுதல், பத்தியில் ஏற்றி இறக்குதல், மறுபடி வடிகட்டுதல். மூன்றாம் ஆண்டில் நாம் திட்டிக்கொண்டே படித்த அதே சமாச்சாரம்தான்.

இன்று பேசப்போவது பிறவியிலேயே ஒரே ஓர் என்சைம் இல்லாமல் போனவர்களைப் பற்றி. பள்ளிப் புத்தகத்தில் 'நொதி' என்று படித்தோமே, அதுதான் என்சைம். டாக்டர்கள் பேச வேண்டிய விஷயத்தை நீ ஏன் பேசுகிறாய் என்று கேட்கலாம். நோயைக் கண்டுபிடித்தது டாக்டர்கள், காரணத்தைக் கண்டுபிடித்தது உயிர்வேதியியல்காரர்கள். ஆனால் மருந்தாக ஆக்கிய கதையில் பாதிக்கு மேல் நம்ம ஆட்கள் சமாச்சாரம். அதனால் பேசுகிறேன்.

நம் ஹாஸ்டல் மெஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். பின்கட்டில் பாத்திரம் கழுவும் இடம். அங்கே ஆளுக்கொரு வேலை: ஒருத்தர் தட்டு, ஒருத்தர் டம்ளர், ஒருத்தர் குழம்பு அண்டா. குழம்பு அண்டா கழுவுகிறவர் மட்டும் வரவில்லை. முதல் நாள் ஒன்றும் தெரியாது. பத்தாம் நாள் அழுக்கு அண்டாக்கள் பின்கட்டை அடைத்து, நடைபாதைக்கு வந்து, கடைசியில் அடுப்படிக்குள்ளேயே நுழைந்து சமையலே நின்றுவிடும். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இப்படி ஒரு பின்கட்டு உண்டு. லைசோசோம் என்று பெயர். 1955-ல் பெல்ஜியத்தின் கிறிஸ்டியன் டி டூவ் கண்டு சொன்னார், 1974-ல் நோபல் பரிசு பெற்றார். அதற்குள் பல டஜன் என்சைம்கள், ஒவ்வொன்றும் ஒரே ஒரு வகைக் கழிவைத்தான் உடைக்கும். ஒன்று இல்லையென்றால் அந்தக் கழிவு மட்டும் சேர்ந்துகொண்டே போகும். எந்த என்சைம் இல்லையோ அதைப் பொறுத்து நோய்க்குப் பெயர். இப்படி ஐம்பதுக்கும் மேல் நோய்கள் இருக்கின்றன. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் பல ஆயிரம் பிரசவத்தில் ஒன்று, அபூர்வம். மொத்தமாகச் சேர்த்தால் அவ்வளவு அபூர்வம் இல்லை.

இதில் கோஷே நோய் என்று ஒன்று. 1882-ல் பிலிப் கோஷே என்ற பிரெஞ்சு மருத்துவ மாணவர், மண்ணீரல் பெருத்துப்போன 32 வயதுப் பெண் ஒருத்தியைப் பற்றித் தன் ஆய்வேட்டில் எழுதினார். அது மண்ணீரலில் வந்த புற்று என்று அவர் நினைத்தார். புற்று இல்லை. பழைய ரத்த அணுக்களைத் தின்று செரிக்கும் செல்கள் நம் உடம்பில் இருக்கின்றன. தின்றதில் ஒரு வகைக் கொழுப்பை மட்டும் உடைக்க முடியாமல் அவை வீங்கிப் போகின்றன. மண்ணீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை எல்லாம் அடைபடுகிறது. வயிறு உப்பும், ரத்தம் குறையும், மூக்கில் ரத்தம் வரும், எலும்பு வலிக்கும். இது ஏன் என்று சொல்ல 1965 வரை ஆயிற்று. அமெரிக்க தேசிய சுகாதாரக் கழகத்தில் இருந்த ராஸ்கோ பிரேடியும் அவர் கூட்டாளிகளும், குளூகோசெரிப்ரோசிடேஸ் என்ற என்சைமின் குறைபாடுதான் காரணம் என்று காட்டினார்கள். பெயர் வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை, நான் இனிமேல் 'அந்த என்சைம்' என்றே சொல்கிறேன்.

இல்லையென்றால் வெளியிலிருந்து ஏற்றிவிட வேண்டியதுதானே? யோசனை சுலபம். எங்கிருந்து எடுப்பது? மனித என்சைம் வேண்டும், நிறைய வேண்டும், உயிரோடிருக்கிறவரை அறுக்காமல் வேண்டும். பிரேடி தேர்ந்தெடுத்தது நஞ்சுக்கொடி. பிரசவமானதும் நம்ம ஊரில் மண்ணில் புதைத்துவிடுகிறோமே, அதேதான். அதிலிருந்து என்சைமைப் பிரித்து 1974-ல் இரண்டு நோயாளிகளுக்கு ஏற்றிப் பார்த்தார்கள். கல்லீரலில் கொழுப்பு குறைந்தது. ஆகா என்று அடுத்து நிறையத் தயாரித்துக் கொடுத்தார்கள், பலன் சீராக வரவில்லை.

இங்கேதான் எனக்குப் பிடித்த பகுதி வருகிறது. மருந்து ரத்தத்தில் போகிறது, கல்லீரலுக்கும் போய்ச் சேருகிறது, ஆனால் தப்பான வீட்டுக்குள் நுழைகிறது. கல்லீரலின் சாதாரணச் செல்கள் பிடித்து விழுங்கிவிடுகின்றன, கொழுப்பு அடைத்துக் கிடக்கும் தின்னிச் செல்களுக்குக் கிடைப்பதில்லை. அந்த என்சைம் புரதத்தின் மேல் சர்க்கரைச் சங்கிலிகள் தொங்கிக்கொண்டிருக்கும். தின்னிச் செல்லின் மேற்பரப்பில் மேனோஸ் என்ற சர்க்கரையைப் பிடிக்கும் கொக்கி உண்டு. நம் என்சைமிலும் மேனோஸ் இருக்கிறது, ஆனால் உள்ளே. அதன் மேல் மூன்று அடுக்காக வேறு சர்க்கரைகள் மூடியிருக்கின்றன. என்ன செய்தார்கள்? மூன்று வேறு என்சைம்களைக் கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாக, அந்த மூன்று அடுக்கையும் வெங்காயம் உரிப்பது மாதிரி உரித்தார்கள். மேனோஸ் வெளியே தெரிந்தது. கொக்கி பிடித்துக்கொண்டது. கதவில் சரியான விலாசம் எழுதியாயிற்று.

அப்புறம் பன்னிரண்டு நோயாளிகளுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஏற்றிப் பார்த்தார்கள். பன்னிரண்டு பேருக்கும் ஹீமோகுளோபின் ஏறியது, மண்ணீரல் சுருங்கியது. 1991-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. தயாரித்தது பாஸ்டன் பகுதியில் இருந்த ஜென்சைம் என்ற கம்பெனி, மருந்தின் பெயர் செரிடேஸ்.

இப்போது கெமிக்கல்காரர்கள் நிமிர்ந்து உட்காருங்கள். ஒரு நோயாளிக்கு ஒரு வருஷத்துக்கான செரிடேஸ் எடுக்க ஏறத்தாழ 20,000 நஞ்சுக்கொடிகள் தேவைப்பட்டன. ஒரு நோயாளிக்கு! மூலப்பொருள் சேகரிப்பது, உறைநிலையில் கொண்டுவருவது, கிருமி இல்லையென்று நிரூபிப்பது எல்லாம் யோசித்துப் பாருங்கள். பிரான்ஸில் மெரியே நிறுவனம் மூலமாக மருத்துவமனைகளிலிருந்து திரட்டினார்கள். எய்ட்ஸ் பயம் உச்சத்தில் இருந்த காலம் வேறு. நோயாளி எண்ணிக்கை கூடினால் உலகத்துப் பிரசவ ஆஸ்பத்திரி எல்லாம் சேர்ந்தாலும் தாங்காது.

அதனால் அந்த என்சைமுக்கான ஜீனை, சீன ஹாம்ஸ்டர் என்ற எலிவகையின் சினைப்பைச் செல்லுக்குள் செலுத்தித் தொட்டியில் வளர்க்க ஆரம்பித்தார்கள். 1994-ல் அந்த மருந்து வந்தது, செரிசைம். நஞ்சுக்கொடி தேவையில்லை. இன்று நான் வேலை பார்க்கும் தொழிலில் பாதி மருந்துகள் அந்த எலிச் செல்லின் வாரிசுகள் சுரப்பவைதான். எங்கள் பிளாண்ட்டில் ஆயுத பூஜைக்கு அந்தச் செல்லுக்கும் சேர்த்துத்தான் பொட்டு வைக்கிறோம், தொட்டிக்கு வெளியே.

விலை? செரிடேஸுக்கு ஒரு பெரிய ஆளுக்கு வருஷத்துக்கு இரண்டு லட்சம் டாலருக்கு மேலும் ஆயிற்று. நஞ்சுக்கொடி போய்த் தொட்டி வந்ததும் விலை இறங்கியிருக்க வேண்டும் என்று நாம் நினைப்போம். அப்படிப் பெரிதாக இறங்கவில்லை. 1983-ல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது: இரண்டு லட்சம் பேருக்குக் குறைவாக வரும் நோய்க்கு மருந்து கண்டுபிடித்தால் ஏழு வருஷம் போட்டியில்லாமல் விற்றுக்கொள்ளலாம், வரிச் சலுகையும் உண்டு. அந்தச் சட்டம் இல்லையென்றால் இந்த மருந்துகள் பிறந்தே இருக்காது, இதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அதே சட்டம்தான் விலையை எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள் என்று வழியும் விட்டது. சில ஆயிரம் நோயாளிகளை வைத்துக்கொண்டு பெரிய கம்பெனியாக வளர முடியும் என்று ஜென்சைம் காட்டியது. 2011-ல் சனோபி அதைச் சுமார் 2,000 கோடி டாலருக்கு வாங்கியது.

அடுத்தது பாம்பே நோய். நம்ம பம்பாய் இல்லை. யோஹானஸ் பாம்பே என்ற டச்சு டாக்டர், இதயம் வீங்கி இறந்த ஏழு மாதக் குழந்தையைப் பரிசோதித்து 1932-ல் எழுதினார். உலகப் போரில் நாஜிகளுக்கு எதிரான ரகசிய இயக்கத்தில் இருந்தார். அவர் ஆய்வுக்கூடத்தில் ரேடியோ டிரான்ஸ்மிட்டர் ஒளித்து வைத்திருந்தது பிடிபட்டு, 1945 ஏப்ரல் 15 அன்று சுட்டுக் கொன்றார்கள். இன்னும் மூன்று வாரம் தாண்டியிருந்தால் அவர் நாட்டில் போர் முடிந்திருக்கும்.

இந்த நோயில் கிளைகோஜன் என்ற மாவுப்பொருள் தசைக்குள் அடைகிறது. கடுமையான வகையில் குழந்தை கழுத்து நிற்காமல், இதயம் பெருத்து, பெரும்பாலும் ஒரு வயதுக்குள் போய்விடும். 1963-ல் ஹென்றி ஹெர்ஸ் காரணத்தைக் கண்டுபிடித்தார். லைசோசோமில் என்சைம் இல்லாததால் வரும் நோய் என்று முதன்முதலில் தெளிவானது இதுதான். ஆனால் மருந்து வர 2006 ஆயிற்று. நடுவில் ஹாலந்தின் ராட்டர்டாமில் ஒரு வேலை செய்தார்கள். மனித ஜீனை முயலுக்குள் வைத்து, முயல் பாலிலிருந்து என்சைமைப் பிரித்து, 1999-ல் நான்கு குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். முயலில் பால் கறப்பதை மனக்கண்ணில் பார்த்தால் சிரிப்பு வரும், ஆனால் அந்தப் பால் வேலை செய்தது. அளவுதான் போதவில்லை. எனவே மறுபடியும் எலிச் செல், மறுபடியும் தொட்டி.

அளவு ஏன் போதவில்லை என்றால், கோஷே நோய்க்கு உடம்பு எடையில் கிலோவுக்கு ஒன்றரை மில்லிகிராம் போலப் புரதம் போதும். பாம்பே நோய்க்கு கிலோவுக்கு 20 மில்லிகிராம், இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. அறுபது கிலோ ஆளுக்கு 1,200 மில்லிகிராம், அதாவது 50 மில்லிகிராம் குப்பி இருபத்து நான்கு. தசை முழுக்கப் போய்ச் சேர வேண்டுமே. போவதில் பெரும்பகுதி வழியிலேயே வேறு இடத்தில் மாட்டிக்கொள்கிறது.

ஆகவே பெரிய தொட்டி வேண்டும். 2006-ல் அனுமதி வாங்கிய மையோசைம் 160 லிட்டர் தொட்டியில் செய்தது. தேவை ஏறியதும் 2,000 லிட்டருக்குப் போனார்கள். ஸ்கேல்-அப்! நம் டிபார்ட்மென்ட்டில் இதைக் கரும்பலகையில் எழுதும்போது நாம் கடைசி பெஞ்சில் புத்தகக் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தோம். தொட்டி பன்னிரண்டு மடங்கு பெரிதானால் கலக்குவது மாறும், ஆக்சிஜன் கரைவது மாறும், கார்பன் டை ஆக்சைடு வெளியேற நேரமாகும். செல்லுக்கு அது தெரியும். தெரிந்தால் தான் சுரக்கும் புரதத்தில் சர்க்கரைச் சங்கிலியை வேறு மாதிரிக் கோர்க்கும். சர்க்கரைதான் விலாசம் என்று சற்று முன் பார்த்தோம். 2008-ல் அமெரிக்கக் கட்டுப்பாட்டு அமைப்பு, 2,000 லிட்டர் சரக்கில் சர்க்கரை வித்தியாசமாக இருக்கிறது, இது வேறு மருந்து, தனியாகச் சோதனை செய்து வா என்று சொல்லிவிட்டது. ஐரோப்பாவில் அதே சரக்கை ஏற்றுக்கொண்டார்கள்! அமெரிக்காவில் சின்னத் தொட்டிச் சரக்கைக் குழந்தைகளுக்கென்று ஒதுக்கினார்கள். பெரியவர்களுக்கான பெரிய தொட்டி மருந்து வேறு பெயரில் 2010-ல்தான் அனுமதி பெற்றது. அதுவரை மூச்சுத் தசை தளர்ந்துகொண்டிருந்தவர்கள் காத்திருந்தார்கள்.

கட்டுப்பாட்டு அமைப்பு செய்தது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். இந்தத் தொழிலில் தயாரிப்பு முறைதான் மருந்து. பாராசிட்டமால் எந்த ரியாக்டரில் செய்தாலும் பாராசிட்டமால்தான். புரதம் அப்படி இல்லை. ஆனால் இருபது வயதில் இது எனக்கு வெறும் ரெனால்ட்ஸ் எண் கணக்காகத் தெரிந்தது. அந்த எண்ணுக்குப் பின்னால் யாரோ வென்டிலேட்டரில் இருப்பார்கள் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

2009 ஜூனில் இன்னொன்று நடந்தது. பாஸ்டனில் ஜென்சைமின் ஆல்ஸ்டன் தொழிற்சாலையில், தொட்டிக்குள் வெசிவைரஸ் 2117 என்ற வைரஸ் நுழைந்துவிட்டது. மனிதருக்கு நோய் தருவதாகத் தெரியாத வைரஸ்தான், ஆனால் எலிச் செல்களின் வளர்ச்சியைக் கெடுத்தது. தொழிற்சாலையை மூடிக் கழுவினார்கள். செரிசைமும், பாப்ரி நோய்க்கான மருந்தும் பெருமளவு அந்த ஒரு இடத்தையே நம்பியிருந்தன. மாதக்கணக்கில் தட்டுப்பாடு, உலகம் முழுக்க நோயாளிகளுக்கு டோஸைக் குறைத்தார்கள். எல்லா முட்டையையும் ஒரே கூடையில் வைப்பது பற்றி நம் பாட்டிகள் சொன்னது இவ்வளவு பெரிய கம்பெனிக்கு எட்டவில்லை. ஒரு நல்லதும் நடந்தது: போட்டி மருந்துகள் வந்தன. 2010-ல் ஒன்று, 2012-ல் இன்னொன்று. இரண்டாவது இஸ்ரேலின் புரோட்டாலிக்ஸ் நிறுவனத்தினுடையது. எலிச் செல்லே இல்லை, கேரட் செல்! பிளாஸ்டிக் பைகளில் கேரட் செல்களை வளர்த்து அதே என்சைமை எடுக்கிறார்கள். எலி வைரஸ் கேரட்டைத் தொடாது. மேனோஸை உரிக்கும் வேலையும் இல்லை, தாவரச் செல் தானாகவே மேனோஸ் வெளியே தெரிகிற மாதிரிக் கோர்த்துவிடுகிறது. முதன்முதலில் இதைப் படித்தபோது வீட்டில் கேரட் நறுக்கிக்கொண்டிருந்த மனைவியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "அப்ப நீங்களே நறுக்குங்க" என்றாள்.

இந்த மருந்துகளால் முடியாததையும் சொல்லிவிட வேண்டும். ரத்தத்தில் ஏற்றும் என்சைம் மூளைக்குள் போகாது, அங்கே ஒரு காவல் இருக்கிறது. நரம்பைத் தாக்கும் வகைகளில் வயிறு சுருங்கும், ரத்தம் ஏறும், மூளை அப்படியே இருக்கும். நம் நாட்டுக் கோஷே நோயாளிகளில் நரம்பைத் தொடும் வகையோடு சம்பந்தப்பட்ட ஜீன் மாற்றம் ஒன்று அதிகம் காணப்படுகிறது என்பது கூடுதல் கவலை.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். நமக்கு இரண்டு வருஷம் ஜூனியர் ஒருவன். அவன் அனுமதியோடுதான் சொல்கிறேன், பெயர் வேண்டாம் என்றான். அத்தை மகளைக் கட்டியவன். பெண் குழந்தை. இரண்டு வயதில் வயிறு உப்ப ஆரம்பித்தது. பூச்சி மருந்து கொடுத்தார்கள். பாட்டி வசம்பு அரைத்துப் போட்டார். மூக்கில் ரத்தம் வந்ததும் வெயில் சூடு என்றார்கள். ரத்தம் குறைந்தது, டானிக். நாலு வயதில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தப் புற்று என்று சந்தேகப்பட்டு எலும்பு மஜ்ஜை எடுத்துப் பார்த்தார்கள். அங்கிருந்த ஓர் இளம் டாக்டரம்மாதான் மைக்ராஸ்கோப்பில் கசங்கின காகிதம் மாதிரி வீங்கிய செல்களைப் பார்த்து, இது கோஷேயாக இருக்கும் என்று என்சைம் பரிசோதனைக்கு அனுப்பினார். ஒரு சொட்டு ரத்தத்தில் தெரிந்துபோகிற விஷயத்துக்கு இரண்டு வருஷம்.

மத்திய அரசின் 2021 அரிய நோய்க் கொள்கை உங்களில் பலருக்குத் தெரியாது. 2022 மே மாதத் திருத்தப்படி, அங்கீகரிக்கப்பட்ட சிறப்பு மையங்களில் ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி. சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும் அந்த மையங்களில் ஒன்று. அதே கொள்கை ஏடு இன்னொன்றும் சொல்கிறது: பத்து கிலோ குழந்தைக்கு இந்த வகைச் சிகிச்சை ஆண்டுக்குப் பத்து லட்சத்திலிருந்து ஒரு கோடிக்கு மேலும் ஆகலாம், ஆயுள் முழுக்க வேண்டும், எடை ஏற ஏறச் செலவும் ஏறும். நாம் கணக்குப் போடத் தெரிந்தவர்கள். 50 லட்சம் அதிகபட்சம் ஐந்து வருஷம் வரும், குறைந்தபட்சம் ஆறு மாதம்கூட வராது.

என் ஜூனியர் மகளுக்கு அந்த உதவியில்தான் மருந்து ஓடுகிறது. முதல் வருஷத்திலேயே மண்ணீரல் பாதியானது. இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், ஓட்டப்பந்தயத்தில் கடைசியாக வந்தாலும் ஓடி முடிக்கிறாள். ஆரம்பிக்கும்போது 14 கிலோ, கிலோவுக்கு 60 யூனிட் வீதம் 840 யூனிட். இப்போது 21 கிலோ, 1,260 யூனிட். ஒன்றரை மடங்கு. போன மாதம் பேசும்போது சொன்னான்: "அண்ணா, மத்த வீட்டுல பிள்ளை எடை கூடினா ஸ்வீட் வாங்குவாங்க. நான் கால்குலேட்டர் எடுக்கிறேன். சாப்பாட்டை வேண்டாம்னு தள்ளினா அவ அம்மா அழறா, ஊட்டிவிட்டா நான் கணக்குப் போடறேன்." அவன் கணக்குப்படி அனுமதித்த தொகை அடுத்த வருஷம் முடிகிறது. முடிந்தால் நிறுத்துவதா? நிறுத்தினால் அண்டாக்கள் மறுபடி சேர ஆரம்பிக்கும்.

கோர்ட்டும் இதைப் பார்த்திருக்கிறது. டெல்லியில் ரிக்ஷா ஓட்டுபவரின் ஏழு வயது மகனுக்கு இதே கோஷே நோய்க்கு இலவசமாக மருந்து தர வேண்டும் என்று 2014-ல் டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024 அக்டோபரில் அதே நீதிமன்றம், அரிய நோய்களுக்குத் தேசிய நிதி அமைத்து இரண்டு ஆண்டுக்கு 974 கோடி ஒதுக்கச் சொன்னது. தீர்ப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். அரசின் இணையதளத்தில் இந்த நோயாளிகளுக்கு நன்கொடை தரும் வசதி இருக்கிறது. இங்கே கம்பெனிகளில் சமூகப் பொறுப்பு நிதிக் குழுவில் இருக்கும் அண்ணன்கள் ஏழெட்டுப் பேரை எனக்கே தெரியும். மரம் நடும் பட்ஜெட்டில் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்கள் என்று மேடையில் வைத்தே கேட்கிறேன், மறுக்கச் சங்கடமாக இருக்கட்டும்.

ஆனால் நன்கொடையில் ஓர் ஆயுள் ஓடாது என்பதே என் கட்சி. விலை இறங்க வேண்டும், அதற்கு இங்கே தயாரிக்க வேண்டும். முடியுமா என்றால், மாத்திரையில் முடிந்திருக்கிறது. கோஷே நோய்க்கே எலிக்ளூஸ்டாட் என்று ஒரு மாத்திரை, 2014-ல் அமெரிக்காவில் பெரியவர்களுக்கென்று வந்தது. அது கழிவை உடைப்பதில்லை, உற்பத்தியாவதைக் குறைக்கிறது. அண்டா கழுவ ஆள் இல்லையென்றால் குழம்பைக் குறைவாக வை என்கிற தத்துவம். இறக்குமதி விலை ஆண்டுக்கு 1.8 கோடியிலிருந்து 3.6 கோடி. 2023 நவம்பரில் இந்தியக் கம்பெனிகள் தயாரித்து மூன்றிலிருந்து ஆறு லட்சத்துக்குக் கொண்டுவந்ததாக அரசு அறிவித்தது. அதே அறிவிப்பில் டைரோசினீமியா என்ற இன்னோர் என்சைம் குறைபாட்டுக்கான நிட்டிசினோன், 2.2 கோடியிலிருந்து இரண்டரை லட்சம்.

இந்த நிட்டிசினோன் கதை ஒரு நிமிஷம். கெமிக்கல் டிபார்ட்மென்ட்டுக்குப் பின்னால் சிவப்பாகப் பாட்டில் பிரஷ் மாதிரிப் பூக்கும் மரம் இருந்ததே, நினைவிருக்கிறதா? 1977-ல் கலிபோர்னியாவில் ஒருவர் அந்த வகைச் செடியின் கீழே களை அதிகம் முளைக்காததைக் கவனித்தார். அதில் இருந்த பொருளை வைத்துக் களைக்கொல்லி தேடியபோது பிறந்த குடும்பத்தில் ஒரு பிள்ளை நிட்டிசினோன். வயலுக்கு வர வேண்டியது, ஸ்வீடனில் கோதன்பர்க் டாக்டர்கள் கையில் 1991-ல் குழந்தைகளின் கல்லீரலைக் காப்பாற்றியது. அந்த மரத்தடியில் நாம் நாலு வருஷம் டீ குடித்தோம், ஒன்றும் கவனிக்கவில்லை.

மாத்திரையில் முடிந்தது தொட்டியில் ஏன் முடியவில்லை? செல்லும் தொட்டியும் பத்தியும் நம்மிடம் இருக்கின்றன. புற்றுநோய்க்கான புரத மருந்துகளை இந்தியாவில் செய்து விலையைக் குறைத்திருக்கிறோம். இந்த என்சைமையே தென் கொரிய நிறுவனம் ஒன்று சொந்தமாகத் தயாரிக்கிறது. நமக்குத் தடை அறிவு இல்லை, எண்ணிக்கை. சில நூறு நோயாளிக்காக ஒரு கம்பெனி பல வருஷம் செலவழிக்காது. இத்தனை நோயாளிக்கு இத்தனை வருஷம் வாங்குகிறேன் என்று அரசு முன்கூட்டியே எழுதிக்கொடுத்தால் கணக்கு மாறும். எத்தனை நோயாளி என்று எழுதவே முதலில் எண்ண வேண்டும். தைவானில் 2005-லிருந்து பிறந்த குழந்தையின் குதிங்காலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, காகிதத்தில் காயவைத்து பாம்பே நோய்க்குப் பார்த்தார்கள். அப்படிக் கண்டுபிடித்து உடனே மருந்து கொடுத்த குழந்தைகள், தாமதமாகக் கண்டுபிடித்தவர்களைவிட நன்றாக நடந்தார்கள். அந்தக் காகிதம், அதை ஓட்டும் கருவி, அதற்கான ரசாயனம் ஆகிய மூன்றிலும் இந்த ஹாலில் வேலை தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள். நம் பயோடெக் ஆய்வகத்தில் மாணவர் புராஜெக்ட்டாக இதை எடுக்கலாமா என்று துறைத்தலைவரிடம் கேட்டிருக்கிறேன். கருவிக்கு ஆகும் செலவுப் பட்டியல் வரவேற்பு மேஜையில் இருக்கிறது, பார்த்துவிட்டுச் சாப்பிடப் போங்கள்.



(கேள்வி நேரத்தில் பலர் கேட்டவற்றில் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். 1988 சிவில் பேட்ச் அண்ணன் ஒருவர் எழுந்து, "தம்பி, நான் அக்கா மகளைக் கட்டினவன். என் மகனுக்கும் சொந்தத்துலதான் பேசிட்டிருக்கோம். பயப்படணுமா?" என்றார். நான் சொன்னது: சொந்தத்தில் கட்டுவதால் நோய் உண்டாவதில்லை அண்ணா. பழுதான ஜீன் ஒன்று மட்டும் இருப்பவருக்கு ஒன்றும் செய்யாது, தெரியவும் தெரியாது. ஒரே தாத்தாவிடமிருந்து அதே பழுது இரண்டு பக்கமும் வந்திருக்கும் வாய்ப்பு சொந்தத்தில் கூடுகிறது. அப்படி இருவருக்கும் இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு அபாயம். குடும்பத்தில் காரணம் தெரியாமல் இறந்த சிசுக்கள் உண்டா, வயிறு உப்பிய பிள்ளை உண்டா என்று பெரியவர்களிடம் கேளுங்கள். உண்டென்றால் பேச்சு முடிவதற்கு முன்னாலேயே இருவரையும் மரபியல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். ஏற்கெனவே பாதித்த குழந்தை உள்ள வீட்டில் அடுத்த கர்ப்பத்தில் பதினோரு வாரத்துக்கு மேல் நஞ்சுக்கொடியிலிருந்து ஒரு சிறு துணுக்கு எடுத்தே பார்த்துவிடலாம். "எங்க சின்னம்மாவுக்கு ரெண்டு தங்கல..." என்றார் அவர், மெதுவாக. போன் நம்பர் வாங்கிக்கொண்டார்.)